ஏழு நாள் தாள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, இடுப்பைத் தவிர. அதற்குக் காரணம் உன் இரும்பு அலமாரி. மாமா படிக்கட்டின் மேலே நின்றுகொண்டு "தூக்கு, தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார், தூக்கியது நான். புது வீடு பழகிவிட்டதா? மாமாவுக்குச் சளி விட்டதா? உன் மகள் வாலு புதுப் பள்ளிக்கூடத்தில் யாரையும் அடிக்காமல் இருக்கிறாளா?

கம்பெனி என்னை அனுப்பியிருக்கும் இடம் ஒரு தீவு. முழுக்க உப்பளம். பம்ப் அறை, எடை ஆபீஸ், மூட்டை கட்டும் கொட்டகை என்று ஆறு கட்டடங்கள், ஒன்றுக்கொன்று அரைக் கிலோமீட்டர் தூரம். ஆறையும் டிஷ் வைத்து ஒரே நெட்வொர்க்கில் கொண்டுவர வேண்டும். கம்பி புதைத்தால் உப்பு தின்றுவிடுமாம். இங்கே மொபைல் எடுக்காது. செவ்வாயும் சனியும் ஒரு படகு வரும். தண்ணீர், காய்கறி, தபால் எல்லாம் அதில்தான். கட்டடத்துக்குக் கட்டடம் தொடர்பு கொடுக்கிறவனுக்கு அக்காவோடு பேச வழியில்லை. சிரிக்காதே.

உன் ஆஸ்பத்திரியில் நான் போட்டுவிட்டு வந்த லிங்க் எப்படி இருக்கிறது? கீழே பெரிய கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு டிஷ், மேட்டுக் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு டிஷ். நடுவில் நானூறு மீட்டர் வெறும் காற்று. நான் உன் தம்பி என்று யாரிடமும் சொல்லிவிடாதே. சிபாரிசில் வந்த வேலை என்பார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே டீயோடு முடித்துக்கொள்ளாதே.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்குச் சளி போய் இப்போது இருமல். வாலு யாரையும் அடிக்கவில்லை, அடி வாங்கவும் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. உன் இடுப்பு எப்படி? அலமாரியை நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே விட்டிருக்கிறோம். கதவைத் திறந்தால் ஜன்னலில் இடிக்கிறது. நகர்த்த இன்னொரு தம்பிக்கு நான் எங்கே போவேன்?

என்னை மேட்டுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினாலு கட்டில், எல்லாம் மூச்சு, இதயம் என்று நாள்பட்ட ஆட்கள். மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை நானும் ஓர் ஆயாவும்தான். டாக்டர் கீழே. என் மேசையில் நீ மாட்டிய சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கீழே டியூட்டி டாக்டர் அறையில் மணி அடித்து, அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் நேரமும் பதிவாகிறது. முதல் நாள் அழுத்திப் பார்த்தேன். நாலே நிமிஷத்தில் டாக்டர் மூச்சு வாங்க ஓடி வந்து, "சும்மாதானா சிஸ்டர்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழாம் கட்டில் தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குச் சிரித்தால் மூச்சு முட்டும், ஆனாலும் விடமாட்டார். என்னைப் பார்த்த அன்றே, "உங்க சட்டையில தோள்பட்டை ஒரு இன்ச் இறங்கியிருக்கு. யாரு தைச்சது, வேண்டாதவங்களா?" என்று கேட்டவர்.

டிஷ் போட்டதும் ஏழு நாள் சிக்னலைப் பார்த்து நீ எழுதிக் கொடுத்த தாளை, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் சட்டம் போட்டு மாட்டாத குறை. விடுப்பு முடிந்து வந்ததும் அதைத்தான் எல்லோருக்கும் காட்டினார். ஏழு நாளில் ஒருமுறைகூட லிங்க் விழவில்லை, அப்புறம் பழைய டெலிபோன் கம்பி எதற்கு என்று பிடுங்கிவிட்டார்கள். தோட்டக்காரர் கொடி படரவிட வாங்கிக்கொண்டு போனார். மேட்டுக்கு இனி போனும் உன் டிஷ் வழியாகத்தான். மொபைல் இங்கேயும் எடுக்காது.

தாளை நானும் பார்த்தேன். ஏழு நாளும் மூன்று வேளையும் முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரன்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

அன்புடன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு தேவலை. உங்கள் மூவரின் சுகத்தையும் எழுது, முக்கியமாக மாமாவின் இருமல்.

பழைய கம்பியை ஏன் எடுத்தார்கள்? நான் எடுக்கச் சொல்லவே இல்லையே. ஒரு வருஷமாவது கிடக்கட்டும் என்று ஆபீஸ் கிளார்க்கிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். எழுதித்தான் கொடுத்திருக்க வேண்டும். உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இயல்பே அப்படி.

ஒரு சின்ன வேலை செய். மேட்டுக் கட்டடத்து மொட்டை மாடிக்குப் போய் டிஷ்ஷின் முதுகுப் பக்கம் பார். பெட்டியில் வரிசையாக நாலு பச்சை விளக்கு இருக்கும். நாலும் எரிந்தால் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை எரிகிறது என்று எழுது.

இன்னொன்று. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் வரிசையாக நெட்டை மரங்கள் நிற்குமே, அவை துளிர்த்துவிட்டனவா? நான் வந்தபோது ஓர் இலைகூட இல்லை. குச்சி குச்சியாக நின்றன. மேட்டிலிருந்து பார்த்தால் கீழே ஜன்னலில் நிற்பவர் மூக்கைச் சொறிவதுகூடத் தெரிந்தது.

இங்கே ஒரு மரமும் கிடையாது. சிக்னல் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. வாலு இரண்டு பல் விழுந்து, சிரித்தால் வாசல் கதவு திறந்த மாதிரி இருக்கிறாள். உன் சுகத்துக்கு எழுது.

மரங்கள் துளிர்த்துவிட்டன. பத்தே நாளில் பச்சைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. நோயாளிகளுக்கு ஒரே சந்தோஷம், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்கிறார்கள். கீழ்க் கட்டடம் இப்போது தெரியவே தெரியாது, மூக்குச் சொறிகிறவரும் தெரியமாட்டார்.

விளக்கைத் தினமும் பார்க்கிறேன். போன மாதம் மூன்று எரிந்தது. இப்போது இரண்டு. நேற்று மழை பெய்து ஓய்ந்த பிறகு போனேன், ஒன்றுதான். அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் போனை எடுத்தால் சத்தமே இல்லை. அரை மணி கழித்து வந்துவிட்டது. தையல்காரர், "என்ன சிஸ்டர், மாடிக்கு மாடிக்குப் போறீங்க? யாரையாவது வேவு பாக்கறீங்களா?" என்கிறார். என் இன்னொரு யூனிபார்ம் சட்டையைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். தோள்பட்டையைச் சரிசெய்தே தீருவாராம். கட்டிலில் உட்கார்ந்து ஊசி கோர்க்கிறார், கை துளியும் நடுங்கவில்லை.

எனக்கு இந்த விளக்கெல்லாம் புரியாது. இது பயப்பட வேண்டிய விஷயமா இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

அன்புடன் அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதம். கடல் சரியில்லை, படகு நாலு தடவை வரவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. இலையில் தண்ணீர் இருக்கிறது, சிக்னலுக்குத் தண்ணீர் ஆகாது, மழையில் நனைந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். டிஷ் பார்க்கும் வழியில் இருக்கும் கிளைகளை வெட்டினால் சரியாகிவிடும். கண்காணிப்பாளரிடம் நீயாகக் கேட்பது போலக் கேள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

கம்பெனியில் ஆகஸ்டில் என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஆறு வருஷம் காண்ட்ராக்டில் அலைந்தது உனக்குத் தெரியும். அதுவரை என் வேலை எதிலும் ஒரு புகார் வராமல் இருந்தால் போதும்.

இங்கே வேலை பாதி முடிந்தது. வாலுவுக்கு உப்புக்கல் ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன், சதுரமாக, வெட்டி வைத்த மாதிரி இருக்கும்.

உன் தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன்.

கண்காணிப்பாளரிடம் கேட்டேன். மூக்கு உடைபட்டதுதான் மிச்சம். மரத்தில் கை வைக்க நகராட்சி அனுமதி வேண்டுமாம், ஆறு மாதம் ஆகுமாம். பிறகு அலமாரியிலிருந்து உன் தாளை எடுத்து மேசையில் விரித்தார். "பாருங்க சிஸ்டர். ஏழு நாள், இருபத்தோரு தடவை பாத்து எழுதியிருக்காரு. ஒரு தடவைகூட விழல. உங்களுக்கு மட்டும் எப்படி விழுது? மொட்டை மாடியில உங்களுக்கு என்ன வேலை?" என்றார்.

ஆனாலும் கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார். ஓர் ஆள் வந்தார். நல்ல வெயில், நடுமத்தியானம். இரண்டு விளக்கு எரிந்தது. "ரெண்டு போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மழை வரும்போது வந்து பாருங்கள் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் பேசினால் எடுபடாது. போட்ட ஆளே சொன்னால் கேட்பார்கள். நீ கண்காணிப்பாளருக்கு ஒரு வரி எழுது. மழை நாளில் இந்த லிங்க்கை நம்பாதீர்கள், பழைய கம்பியைத் திரும்பப் போடுங்கள், அவ்வளவுதான். உன் வேலைக்குக் கெடுதல் வராத மாதிரி எப்படி வேண்டுமானாலும் எழுது. ஆனால் எழுது. மழைக்காலம் தலைக்கு மேல் நிற்கிறது.

இதைப் பார்த்ததும் எழுது.

அக்கா


ஜூன் 24

தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன்னிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. படகு ஓடுகிறது என்று உப்புக் கம்பெனியின் கரை ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூன் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஆயா துணி மூட்டையோடு கீழே போயிருந்தாள், மழையில் அங்கேயே நின்றுவிட்டாள். மூன்றே முக்காலுக்குத் தையல்காரர் என்னைக் கூப்பிட்டார். கிண்டலுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். உதடு நீலமாக இருந்தது. ஆக்சிஜனை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். நாலு நிமிஷம் பார்த்தேன், யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். போனை எடுத்தேன், செத்துக் கிடந்தது. மூன்றாம் தடவை அழுத்திக்கொண்டே நின்றேன். பிறகு பன்னிரண்டாம் கட்டில்காரரை எழுப்பி, ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மழையில் கீழே ஓடினேன். செருப்பு வழியிலேயே போய்விட்டது. டாக்டரோடு திரும்பி வந்தபோது இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. தையல்காரர் போய்விட்டார்.

டாக்டர் அறைக் கம்ப்யூட்டரில் அன்று மதியம் ஒரு பதிவும் இல்லை. நான் பொத்தானை அழுத்தவே இல்லை என்கிறார்கள். கட்டில்களை விட்டுவிட்டு ஓடினேன் என்பது இரண்டாவது குற்றம். மெமோ கொடுத்து சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். ஜூலை இருபதாம் தேதி விசாரணை. எனக்கு எதிராக மேசையில் வைக்கப்போவது உன் தாள். ஏழு நாள், ஒருமுறைகூட விழவில்லை.

அந்த ஏழு நாளில் மூன்றாம் நாளிலிருந்து நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். என் வீட்டு அலமாரிக்குத் தெரியும். நான் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தப் பெரியவரை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு வழி இருக்கிறது. லிங்க் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று டிஷ் பெட்டியே உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். யாரையாவது விட்டு அதைப் பார்க்கச் சொல். ஜூன் பதினொன்று, மூன்றிலிருந்து நாலரை வரை. அதில் இருந்தால் உன்மேல் ஒரு குற்றமும் நிற்காது, வேறு எதுவும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது கிடைக்காவிட்டால், பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டது போல இருந்தது என்று நீ சொல்லலாம். பொத்தான் வேறு கம்பெனியுடையது.

எல்லாம் சரியாகிவிடும். தைரியமாக இரு.

உன் தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

அனைவரும் நலம்.

பெட்டியைப் பார்த்தார்கள். அன்று மழையில் கரண்ட் போய் வந்ததில் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டதாம். பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. சிக்கியது என்று நான் சொல்லமாட்டேன்.

கண்காணிப்பாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். பதற்றத்தில் அழுத்த மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்துவதோடு முடித்துக்கொள்வார்களாம். விசாரணை வேண்டாமாம். பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். மாமா, "போட்டுட்டு வந்துடு, நிம்மதியா இருக்கலாம்" என்கிறார். நானும் இரண்டு நாள் யோசித்தேன். போட்டுவிட்டால் உன் தாள் சுத்தமாக இருக்கும். டிஷ்ஷும் அங்கேயே இருக்கும். பதிமூன்று பேர் கட்டிலில் இருப்பார்கள், இன்னும் இரண்டு மாதம் மழை இருக்கும். மேசையில் வேறு ஒருத்தி உட்கார்ந்து அதே பொத்தானை அழுத்துவாள்.

நேற்றுத் தையல்காரரின் மகள் வீடு தேடி வந்தாள். சண்டை போடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அப்பா கூப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். "கூப்பிட்டார்" என்றேன். "நீங்க அழுத்துனீங்களா?" என்றாள். "அழுத்தினேன்" என்றேன். "அப்ப ஏன் கேக்கல?" என்றாள். எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் நின்றேன். அவள் போய்விட்டாள்.

இனிமேல் விளக்கு, பெட்டி என்று எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் நீ கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகு இன்று வரவேண்டும், கடல் கறுத்துக் கிடக்கிறது. படகுக்காரரைக் காலையிலிருந்து மூன்று தடவை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார் உப்பள மேற்பார்வையாளர், எனக்காக. நான் அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாயால் சொல்லிப் பழகிக்கொண்டால் எழுதுவது சுலபமாக இருக்கும் என்று.

கண்காணிப்பாளருக்கும் எங்கள் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தை எழுதியிருக்கிறேன். உனக்கும் தெரிய வேண்டும். டிஷ் போட்ட பிறகு ஏழு நாள் அந்த இடத்திலேயே இருந்து, காலை, மதியம், மாலை சிக்னல் எண்ணைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். முதல் இரண்டு நாள்தான் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை உள்ள பதினைந்து எண்ணும் பார்க்காமல் எழுதியது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று அடுக்கினேன். நிஜமாகப் பார்த்து எழுதினால் அத்தனை ஒழுங்காக வராது, விவரம் தெரிந்த யாராவது ஒருவர் பார்த்திருந்தால் அன்றே சிரித்திருப்பார்.

அதைவிடப் பெரியது ஒன்று. மொட்டை மரங்களை மொட்டை மாடியில் நின்று பார்த்தபோதே, இலை வந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. கம்பத்தை இன்னும் நாலு மீட்டர் உயர்த்த வேண்டும். உயர்த்தக் கம்பம் வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். இப்போதைக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்று விட்டுவிட்டேன். நீ "துளிர்த்துவிட்டன" என்று எழுதிய அன்றே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதினேன். மே மாதம் நீ கேட்ட அந்த ஒரு வரியை ஆறு தடவை எழுதினேன். ஆறும் என் டூல் பெட்டியில் கிடக்கின்றன. படகு ஒவ்வொரு தடவையும் வந்தது.

நானாகத்தான் எழுதினேன், யாரும் சொல்லி எழுதவில்லை என்று அந்தக் கடிதத்தில் போட்டிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

முதல் படகில் நானும் வருகிறேன். இருபதாம் தேதி விசாரணையில் நிற்பேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன், லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

தம்பி


செப்டம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், மாமா, வாலு, மூவரும் சுகமே. மாமாவுக்கு மறுபடி சளி. உன் புது விலாசத்தை நீ இப்போது வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் கடையில் கேட்டு வாங்கினேன். அங்கே மின்விசிறிக்குக் காயில் சுற்றுகிற வேலைதான் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். ரூமில் சமைத்துக்கொள்கிறாயா, கடையில் சாப்பிடுகிறாயா? இப்போது உனக்குப் போன் இருக்கிறது, பேசலாம்தான். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் எனக்குப் பதினெட்டாம் தேதிதான் வந்தது. பதினைந்தாம் தேதி நான் கையெழுத்துப் போடவில்லை. "அழுத்தினேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது முழு உண்மையில்லை, சொல்ல இருந்தது.

என்னை மறுபடி மேட்டுக் கட்டடத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய கம்பியைத் தோட்டத்துக் கொடியிலிருந்து உருவி எடுத்து, கிழிந்த இடமெல்லாம் ஒட்டுப்போட்டு, திரும்ப இழுத்துவிட்டார்கள். டிஷ்ஷும் மரத்துக்கு மேலே உயர்ந்த கம்பத்தில் நிற்கிறது. இந்தத் தடவை ஏழு நாள் தாளை நானே எழுதினேன், யாரும் கேட்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். எண்கள் கோணல்மாணலாக இருக்கும். நாலாம் நாள் மழையில் ஒருமுறை விழுந்து இரண்டு நிமிஷத்தில் எழுந்தது. எழுதியிருக்கிறேன்.

விசாரணையில் உன்னை அவர்கள் கேட்டார்கள், "மூணாம் நாள்லேருந்து சைட்ட விட்டுட்டு எங்க போனீங்க?" என்று. "சொந்த வேலை சார்" என்றாய். "என்ன சொந்த வேலை?" என்றார்கள். "சொந்த வேலைதான் சார்" என்றாய். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். உன் வேலை போனது, நான் வீட்டுக்கு வந்து தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் ஆஸ்பத்திரிக் கேண்டீன் வாசலில் நின்று, "நாளைக்கு வண்டி வருது, மாமாவால தனியா முடியாது, வாடா" என்றது நான். "ஏழு நாள் இங்க இருந்து பாக்கணும்க்கா" என்றாய். "பொட்டி எங்க ஓடிப்போகுது? எழுதிக்க வேண்டியதுதானே, யாரு பாக்கப் போறா" என்றதும் நான்தான். நீ என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த எண்களை எழுதும்போது டீ போட்டுக் கொடுத்தேன். இத்தனை கடிதம் எழுதினேன், ஒன்றிலும் அதை எழுதவில்லை. உன்னை ஒரு வரி எழுது, ஒரு வரி எழுது என்று படுத்தினேன். என் வரியை நான் எழுதவில்லை. நீயும் எனக்கு அதை ஞாபகப்படுத்தவில்லை.

இன்று தையல்காரரின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மரம், இலை, டிஷ், தாள் எல்லாம் சொன்னேன். "அந்த ஆள் பேர்ல விசாரணை நடந்துச்சுன்னு சொன்னாங்க" என்றாள். "அவன் என் தம்பி. எழுதச் சொன்னது நான்" என்றேன். அவள் உள்ளே போய் என் யூனிபார்ம் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அப்பா பையில இருந்துச்சு. எடுத்துட்டுப் போங்க. இனிமே வராதீங்க" என்றாள். வலது தோளைத் தைத்து முடித்திருக்கிறார். இடது தோளில் குண்டூசி குத்தியபடி இருக்கிறது.

நாளைக் காலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போகிறேன். கேண்டீன் வாசலில் நான் சொன்னதை அப்படியே எழுதி, உறவு முறையும் போட்டு, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். உன் வேலை திரும்பாது, என் வேலையும் போகலாம். மாமாவுக்குச் சொல்லிவிட்டேன், அவர் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார். உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, சொல்கிறேன்.

வாலு உப்புக்கல்லை ஜன்னலில் வைத்திருந்தாள். மழையில் கரைந்து சின்னதாகிவிட்டது. இன்னொன்று வேண்டுமாம். இனி லாட்ஜில் தங்காதே, வீட்டுக்கு வா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா